ஆலய நிர்வாகத்தினருக்கு: உழைத்தவரை வாய்விட்டுப் பாராட்டுங்கள்

மதிப்பிற்குரிய தலைவர், செயலாளர், நிர்வாகத்தினர் அனைவருக்கும் வணக்கம்.

திருவிழாவின் கடைசி இரவு நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். அன்னதான அடுப்பருகே நின்ற பெரியவரை ஒரு தம்பி மேடைக்கு அழைத்துவந்து, "ஐயா சீவிய மரத்தில் காயமே இருக்காது" என்று ஒலிபெருக்கியில் சொன்னான். மலேசியாவின் இந்தச் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் பால்மரம், அதாவது ரப்பர் மரம், சீவிய குடும்பங்களுக்கு அந்தச் சொல்லின் எடை தெரியும். கத்தி மேலோடினால் பால் குறையும். ஆழ இறங்கினால் மரம் காயப்பட்டு, புதுப்பட்டை முடிச்சு முடிச்சாக வளரும், பிறகு அங்கே ஒழுங்காகச் சீவ முடியாது. விடியுமுன், தலைவிளக்கு வெளிச்சத்தில், அந்த மயிரிழைக் கணக்கை ஆயுள் முழுக்கக் காத்தவர் அவர்.

முன்வரிசையிலிருந்து உங்களில் ஒருவர், "என்ன தம்பி, கடன் கேட்கப் போகிறாயா?" என்றார். பந்தலே சிரித்தது. பெரியவர் "அதெல்லாம் ஒன்றுமில்லை" என்று முணுமுணுத்தபடி இறங்கிவிட்டார். அன்று அவர் சாப்பிடவும் இல்லை. தோட்ட எழுத்தரான கிராணியாரின் ஏச்சையெல்லாம் நிமிர்ந்து நின்று வாங்கிய மனிதர், ஒரு நல்ல வார்த்தைக்குக் கூசிப்போனார்.

நான் கேட்பது இதுதான்: உழைத்த ஆண்களைப் பெயர் சொல்லி அழைத்து, எதை நன்றாகச் செய்தார்கள் என்று ஒரே ஒரு வரி சொல்லுங்கள். சொல்லி முடிக்கும்வரை யாரும் கேலி பேசாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

டத்தோ பட்டம் பெற்ற பெரிய மனிதர்களைப் புகழ உங்களுக்கு வாய் வலித்ததே இல்லை. கதவளவு மாதிரிக் காசோலையோடு வருபவருக்கு மாலை, பொன்னாடை, அரை மணி நேர வாழ்த்துரை. அங்கே யாரும் கடனைப் பற்றிக் கேட்பதில்லை, கேட்டிருக்கலாம். ஓர் ஆண் இன்னோர் ஆணைப் பாராட்டினால் காக்கா பிடிக்கிறான். பெண்கள் நாங்கள் பாராட்டினாலோ அதற்கு நீங்கள் வைக்கும் பெயரே வேறு. பெற்ற தகப்பன் பாராட்டலாம் என்றால் கண் பட்டுவிடுமாம். பையன்கள் தட்டிக்கொடுக்கப்பட இருந்த ஒரே சாக்கு, ஆரம்பப்பள்ளி ஆறாம் ஆண்டில் எழுதிய யூ.பி.எஸ்.ஆர். தேர்வு. 2021இல் அதையும் நிறுத்திவிட்டார்கள்.

கோபத்தில் எங்கோ போய்விட்டேன், பொறுத்தருளுங்கள். பொன்னாடை வேண்டாம், செலவும் வேண்டாம். பெயரும் ஒரு வரியும் போதும். அதற்கு முன், தயவுசெய்து நிர்வாகத்தில் இரண்டு பேராவது அந்தப் பெரியவர் வீட்டுக்குப் போய், தம்பி சொன்னது உண்மைதான் என்று சொல்லிவிட்டு வாருங்கள். அவர் மறுபடியும் ஒன்றுமில்லை என்பார். அதைக் கேட்டுத் திரும்பிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
ஆலய வாசலில் கோலம் போடுபவர்களில் ஒருத்தி