வரப்பு சொல்லும் சாட்சி

மஞ்சக்குப்பம், கடலூர்.

அன்புள்ள ராமலிங்கம்,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. மழைக்கு முன் ஓடு மாற்றும் வேலை வீட்டில் நடந்ததால் உடனே பதில் எழுத முடியவில்லை. முத்தியால்பேட்டையில் அனைவரும் நலம் என்பதிலும், செல்விக்கு நிலநடுக்கப் பிளவுகளை, அதாவது பூமிப் பாறை உடைந்து இருபுறமும் ஒன்றையொன்று உரசி நகரும் கோடுகளை, வரைபடமாக்கும் பணி கிடைத்ததிலும் மிக்க மகிழ்ச்சி. மியான்மரில் 2025 மார்ச் 28 அன்று நிலநடுக்கத்தில் சகாயிங் பிளவு 400 கிலோமீட்டருக்கும் மேல் கிழிந்ததே, அதன் படங்களில்தான் பயிற்சி என்றும், நில அளவராக இருந்த மாமா என்ன சொல்வார் என்று அவள் கேட்டதாகவும் எழுதியிருந்தாய். எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். அவளிடம் படித்துக் காட்டு.

மண் எவ்வளவு நகர்ந்தது என்பதை மண்ணே சொல்லாது. மனிதன் அதன்மேல் போட்ட நேர்கோடுகள்தாம் சொல்லும். வரப்பு, வேலி, வாய்க்கால், தண்டவாளம் எல்லாமே சாட்சிகள். ஆனால் பிளவு குறுக்கிடும் இடத்தில் வரப்பு பெரும்பாலும் ஒரே வெட்டாக அறுந்து நிற்பதில்லை. இருபுறமும் சில மீட்டர் தூரம் இழுபட்டு வளைந்திருக்கும். அறுந்த முனைக்கு முனை டேப் பிடித்தால் நகர்வில் ஒரு பங்குதான் கிடைக்கும். வளைவு தொடங்காத தூரத்துக்கு இருபுறமும் போய், அங்கிருந்து வரப்பின் போக்கைப் பிளவு வரை நீட்டி, அந்த இரண்டு கோடுகளும் பிளவைத் தொடும் புள்ளிகளுக்கு இடையேதான் அளக்க வேண்டும். வரப்புக்கே ஒரு முழம் அகலம் உண்டு என்பதால், வெறுமனே 3 மீட்டர் என்று எழுதாமல், 20 சென்டிமீட்டர் கூடவோ குறையவோ இருக்கலாம் என்பதையும் சேர்த்து எழுதுவதே நேர்மை.

குறிஞ்சிப்பாடிப் பக்கம் அண்ணன் தம்பி இருவர் ஒரு புஞ்சைக்காக வழக்காடினார்கள். வரப்பு நடுவில் வளைந்திருந்தது. தம்பி தள்ளிவிட்டான் என்றார் அண்ணன். கண்ணால் பார்த்த நானும் அப்படியே நம்பினேன். அந்த நிலத்தின் பழைய அளவை வரைபடமான புலப்படத்தை விரித்தபோதுதான் அந்த வளைவு முதல் அளவையிலேயே இருந்தது தெரிந்தது. செல்வியும் வளைந்த வரப்பைக் கண்டதும் நிலநடுக்கத்துக்கு முந்தைய படத்தைத் திறந்து பார்க்காமல் எண் எழுதக் கூடாது.

கண்ணில் படும் விரிசலெல்லாம் பிளவும் அல்ல. 2023 பிப்ரவரியில் துருக்கியில் தெபெஹான் என்ற ஊரில் ஒரு ஆலிவ் தோப்பு இரண்டாகப் பிரிந்து, நடுவே பெரும் பள்ளம் விழுந்தது. பார்த்தவர்கள் அதைத்தான் பிளவு என்று எண்ணினார்கள். உண்மையில் அது நிலநடுக்க அதிர்வில் ஏற்பட்ட நிலச்சரிவு. சரிவின் விரிசல் அரிவாள்போல வளைந்து, தாழ்ந்த பக்கமாக இறங்கும். பிளவோ மேடு பள்ளம் பாராமல் தன் திசையில் போய்க்கொண்டே இருக்கும். சகாயிங்கைப் போல, ஒரு பக்கம் நின்று பார்த்தால் எதிர்ப்பக்கம் வலமாக நகரும் பிளவில், மெல்லிய மண்ணின்மேல் சிறு வெடிப்புகள் ஒன்றை அடுத்து ஒன்று இடப்பக்கமாகத் தள்ளி நிற்கும். அந்த ஒழுங்கைக் கண்டால் நம்பலாம்.

படத்தில் வரும் அளவும் தரையில் எடுத்த அளவும் பல இடங்களில் ஒத்துப்போகா. செயற்கைக்கோள் படங்களை ஒப்பிடும்போது, கோட்டுக்கு இருபுறமும் அகலமாகப் பரவிய வளைவும் சேர்ந்துவிடுகிறது. தரையில் நிற்பவர் கோட்டருகே உள்ளதை மட்டும் பிடிக்கிறார். இரண்டையும் தனித்தனியே குறிக்கட்டும், ஒன்றுக்காக மற்றொன்றைத் திருத்த வேண்டாம். நிலநடுக்கத்துக்குப் பிறகும் சில பிளவுகள் மெல்ல நகர்ந்துகொண்டிருக்கும் என்பதால் ஒவ்வோர் அளவுக்கும் தேதி அவசியம். ஒரு மழை, ஓர் உழவு, ஒரு லோடு தார் போதும், சாட்சி போய்விடும்.

பிளவு தரையில் தெரியவில்லை என்பதும் குறித்துவைக்க வேண்டிய பதிவுதான். 1819 நிலநடுக்கத்தில் கட்ச் பகுதியில் ஆள் உயரத்தைத் தாண்டிய கரையொன்று எழும்பி ஆற்றின் கிளையையே மறித்தது. மக்கள் அதை அல்லா பந்த், அதாவது அல்லா கட்டிய கரை என்றனர். அதே கட்சில் 2001இல் குஜராத்தின் பூஜ் நகரம் நிலநடுக்கத்தில் அழிந்தபோது முதன்மைப் பிளவு தரைக்கு வரவே இல்லை. அதே ஆண்டு செப்டம்பர் 25 இரவு புதுச்சேரி அதிர்ந்ததே, நீ குடும்பத்தோடு தெருவில் நின்றாயே, அதன் மையம் கடலுக்கடியில். அளக்க நமக்கு ஒரு வரப்பும் இல்லை.

இந்த உழைப்பு வீண்போவதில்லை. அலாஸ்காவில் எண்ணெய்க் குழாய் போடும்போதே டெனாலி பிளவு எங்கே போகிறது என்று பார்த்து, அங்கே குழாயைச் சறுக்குத் தண்டுகளின்மேல் வைத்தார்கள். 2002இல் தரை அவ்விடத்தில் சுமார் 4 மீட்டர் நகர்ந்தும் எண்ணெய் சிந்தவில்லை.

பொங்கலுக்கு வரும்போது செல்வி வரைந்த தாள் ஒன்றை எடுத்துவரச் சொல். உறுதியான இடத்தில் முழுக்கோடும் ஐயமுள்ள இடத்தில் விட்டுவிட்ட கோடும் போடுவார்களாம். அவள் எங்கெங்கே விட்டுவிட்டு இழுத்திருக்கிறாள் என்று பார்க்க எனக்கு மிகுந்த ஆசை.

அன்புடன்,
வேலு