கீமோ எடுத்தவருக்குக் காய்ச்சல் என்றால் விடியும்வரை காத்திருக்கலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோவையில் புற்றுநோய் சிகிச்சை எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று சென்ற இதழில் எழுதியிருந்தீர்கள். சந்தோஷம். ஆனால் அங்கே கீமோ ஏற்றிக்கொள்ளும் பலர் அன்று மாலையோ மறுநாளோ தாராபுரம், அந்தியூர், சத்தியமங்கலம் என்று ஊர் திரும்பிவிடுகிறவர்கள். சிக்கல் ஊருக்கு வந்த பிறகுதான். கட்டுரை அந்தப் பக்கமே போகவில்லை.

கீமோ மருந்து புற்றுச் செல்லோடு, ரத்த அணுக்களை உண்டாக்கும் எலும்பு மஜ்ஜையையும் அடித்துவிடும். பெரும்பாலும் மருந்து ஏறிய 7 முதல் 14 நாட்களுக்குள் நியூட்ரோபில் என்னும் வெள்ளை அணுக்கள் அடிமட்டத்துக்குப் போகும். ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் சில ஆயிரம் இருக்க வேண்டியது 500-க்கும் கீழே இறங்கிவிட்டால் கிருமியைத் தடுக்க ஆளில்லை. கிருமி வெளியிலிருந்துதான் வர வேண்டும் என்றும் இல்லை. நம் குடலிலேயே குடியிருக்கும் ஈ.கோலை, கிளெப்சியெல்லா போன்றவை, மருந்தால் புண்ணாகிப்போன குடல் வழியே ரத்தத்தில் கலந்துவிடும். சீழ் பிடிப்பதற்கே வெள்ளை அணு வேண்டும். அது இல்லாதபோது சீழும் இருக்காது, வீக்கமும் பெரிதாகத் தெரியாது. நிமோனியாவே இருந்தாலும் எக்ஸ்ரேயில் பிடிபடாமல் போகலாம். பல நேரம் காய்ச்சல் ஒன்றுதான் அடையாளம். அதனால்தான் தெர்மாமீட்டர் 100.4-ஐத் தொட்டாலே வரச் சொல்கிறார்கள். வந்து சேர்ந்த ஒரு மணி நேரத்துக்குள், எந்தக் கிருமி என்று வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனைக்கு ரத்தம் எடுத்துக்கொண்டு, நரம்பு வழியாக ஆன்டிபயாடிக் ஏற்ற வேண்டும்.

என் அக்காவுக்கு மார்பகப் புற்று. இரண்டாவது கீமோவுக்குப் பிறகு ஒரு ராத்திரி, குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் 101. பக்கத்து டவுன் கிளினிக்கில் டாக்டர் ஃபைலைத் திறக்கவே இல்லை. "வைரல் ஃபீவருங்க, ஊரெல்லாம் இருக்குது. ஒரு ஊசி போட்டு உடறேன், காத்தால செரியாப் போயிரும்" என்றார். கீமோவால், ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்களும் குறைந்திருக்கும் சமயத்தில் இடுப்பில் ஊசி போட்டால் உள்ளே ரத்தம் கட்டும். ஃபைலின் முதல் பக்கத்தில் கோவை ஆஸ்பத்திரிக்காரர்கள் ஒட்டி அனுப்பிய சிவப்பு எழுத்துச் சீட்டை அக்காவே பிரித்துக் காட்டினார். டாக்டர் படித்துவிட்டு, "அப்பக் கோயமுத்தூருக்கே போயிருங்க" என்றார். பல்லடம் வழியாகச் சுமார் 80 கிலோமீட்டர். போய்ச் சேர்ந்தபோது ரத்த அழுத்தம் இறங்கியிருந்தது. ஐ.சி.யு.வில் வைத்துக் காப்பாற்றிவிட்டார்கள், சாமி புண்ணியம்.

அந்த டாக்டரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. இந்தக் காய்ச்சலுக்கு நரம்பில் ஏற்றும் ஆன்டிபயாடிக்குகளான பைப்பராசிலின்-டாசோபாக்டமோ செஃபெபைமோ அவரிடம் எங்கே இருக்கப்போகிறது? இன்னொரு பக்கம், சளிக்கும் தும்மலுக்கும் மெடிக்கல் ஷாப்பில் கேட்டவுடன் ஆன்டிபயாடிக் அட்டையைக் கிழித்துக் கொடுக்கிறார்கள். சீட்டில்லாமல் விற்கக் கூடாத மருந்துகளுக்கு ஹெச்1 பட்டியல் 2014-லேயே வந்துவிட்டது, யார் பார்க்கிறார்கள்? இப்படி வாரி இறைத்ததும் சேர்ந்துதான் மருந்துக்கு மசியாத ஈ.கோலையையும் கிளெப்சியெல்லாவையும் நம் நாட்டில் பெருக்கியிருக்கிறது. அணு இறங்கிய உடம்பில் அந்தக் கிருமி புகுந்தால் டாக்டர்களுக்கும் கை ஓடாது. அப்புறம், கையிலிருக்கும் பாராசிட்டமாலைப் போட்டுக் காய்ச்சலை அடக்கிவிட்டு விடியட்டும் என்று படுப்பதும் ஆபத்துதான். காய்ச்சல் மறையுமே தவிர, ரத்தத்தில் கிருமி பெருகிக்கொண்டுதான் இருக்கும்.

தாலுகா அரசு மருத்துவமனைகளில் இந்த ஊசி மருந்துகளை எப்போதும் இருப்பு வைத்து, கீமோ நோயாளி காய்ச்சலோடு வந்தால் ரத்தம் எடுத்து, முதல் டோஸை ஏற்றி, பிறகு 108-ல் கோவைக்கு அனுப்ப ஏற்பாடு செய்ய வேண்டும். கீமோ கொடுக்கும் மருத்துவமனைகளும் நோயாளிக்கு மட்டும் அறிவுரை சொல்லி அனுப்பினால் போதாது. எந்த மருந்து, எந்தத் தேதியில் ஏறியது, காய்ச்சல் வந்தால் முதலில் என்ன ஊசி என்று உள்ளூர் டாக்டருக்கே ஒரு கடிதம் கொடுத்தனுப்பலாம். அதில் எழுதும் போன் நம்பர், ராத்திரி 2 மணிக்கும் ஒரு டாக்டர் எடுக்கிற நம்பராக இருக்கட்டும். ரிசப்ஷன் நம்பர் வேண்டாம்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
குண்டடம், தாராபுரம் வட்டம்