வில்லுக்கத்திகளில் கறள் ஏறுவது பற்றி வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். எம்மிடம் வாங்கிய வில்லுக்கத்தி ஒன்று மூன்று கிழமைக்குள் கறள் ஏறிவிட்டதென்றும், நாங்கள் போலிச் சாமான் விற்கிறோமென்றும் சொல்லும் படமொன்று இப்போது பலருடைய கைத்தொலைபேசிகளில் சுற்றி வருகிறது. கடைக்கு வருபவர்களில் சிலர் அந்தப் படத்தைக் காட்டிவிட்டே விலை கேட்கிறார்கள். விலை கூடவென்று சொன்னால் பொறுத்துக்கொள்வேன். போலி என்ற சொல்லைப் பதில் சொல்லாமல் விட என்னால் முடியவில்லை.

அந்தக் கத்தியை அதன் சொந்தக்காரரே என்னிடம் கொண்டுவந்தார். இருவருமாக மேசையில் வைத்து விரித்துப் பார்த்தோம். அலகு நடுவில் சாம்பல் நிறமாக மங்கியிருந்தது. சுழலாணியைச் சுற்றிச் செம்மஞ்சளாகக் கறள். அலகு மடங்கும் பள்ளத்துக்குள் காய்ந்த மீன் செதிள் ஒன்றும், ஓரங்களில் வெள்ளையாக உப்பும் இருந்தன. அவர் உப்புவெளிப் பக்கம் கடற்றொழில் செய்பவர். தங்கூசி அறுக்கவும் இரை வெட்டவும் அதையே பாவித்திருக்கிறார். அதிலே எந்தப் பிழையும் இல்லை. இப்படியான வேலைகளுக்காகத்தான் நாங்கள் சட்டைப்பையில் அடங்கும் கத்தியை விற்கிறோம். ஆனால் அது காபன் உருக்கில் செய்த கத்தி.

கறள் பிடிக்காத உருக்கு என்று நாங்கள் சொல்வதில் குறைந்தது 10.5 வீதம் குரோமியம் சேர்ந்திருக்கும். அந்தக் குரோமியம் காற்றுப் பட்டவுடன் கண்ணுக்குத் தெரியாத ஒரு படலமாகி உருக்கை மூடிக்கொள்கிறது. காபன் உருக்கில் அந்தப் படலம் இல்லாததால் உப்புநீர் பட்டுக் கழுவாமல் விட்டால் ஓரிரவிலேயே நிறம் மாறும். அதற்கு ஈடாக, வீட்டிலுள்ள சாதாரண சாணைக்கல்லில் சில நிமிடம் தீட்டினாலே அது நல்ல கூர் எடுக்கும். பிரான்சில் 1890 இல் தொடங்கிய ஒப்பினெல் நிறுவனம் இன்றும் இரண்டு வகை உருக்கிலும் கத்தி செய்கிறது. சுவிற்சர்லாந்தின் விக்டோரினொக்ஸ் தன் பெயரின் பின்பாதியான 'இனொக்ஸ்' என்பதை, கறள் பிடிக்காத உருக்குக்கு மாறியபோது 1921 இல்தான் சேர்த்துக்கொண்டது; 1891 இல் அந்த நாட்டு இராணுவத்துக்கு அது கொடுத்த கத்திகளும் கறள் ஏறக்கூடியவையே. கறள் ஏறுவதைக் கொண்டு ஒரு கத்தியைப் போலி என்று சொல்ல முடியாது. சொல்லப்போனால், கடலுப்பு நாள்கணக்கில் ஊறினால் இனொக்ஸ் அலகிலும் புள்ளி புள்ளியாக அரிப்பு விழும்.

எமது பக்கத்திலும் பிழை இருக்கிறது. கறள் பிடிக்காது என்று கடைப் பையன் சொன்னதாக அவர் சொல்கிறார். அன்று நான் கல்லாவில் இருக்கவில்லை, ஆகவே மறுக்க மாட்டேன். எந்த உருக்கு என்று சொல்லாமல் கடலுக்குப் போகும் ஒருவருக்கு அதை விற்றிருக்கக் கூடாது. வேறு கத்தி தருவதாகச் சொன்னேன். அவர் அதையே துப்புரவாக்கித் தரும்படி கேட்டு வாங்கிக்கொண்டு போய், இன்றும் பாவிக்கிறார். இப்போது ஒவ்வொரு பெட்டியிலும் உருக்கின் வகையை எழுதி ஒட்டியிருக்கிறோம்.

வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி, விரித்தபடியே உலர்த்தி, சுழலாணியில் தையல் மெசின் எண்ணெய் ஒரு சொட்டு விடுங்கள். ஈரச் சாரத்தின் மடியில் மடக்கிச் செருகி வைக்காதீர்கள். பூட்டில்லாத வில்லுக்கத்தியால் எதையும் குத்த வேண்டாம். வில்லின் இழுவை மட்டுமே அலகைப் பிடித்திருப்பதால் அது விரல்மேல் மடங்கிவிடும்.

விலை ஏறியது உண்மைதான். 2022 இல் ரூபா சரிந்ததிலிருந்து இறக்குமதிச் சாமான் எதுவும் பழைய விலைக்கு எமக்குக் கிடைப்பதில்லை. 2024 ஜனவரி 1 முதல் பெறுமதி சேர் வரியும் 15 வீதத்திலிருந்து 18 வீதமாகிவிட்டது. சாணை பிடித்துத் தந்த தம்பி கட்டாருக்குப் போய்விட்டதால், இனிச் சனிக்கிழமை காலையில் மட்டும், 150 ரூபா கட்டணத்துடன், அந்த வேலையை நானே செய்து தருவேன்.

2009 இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்படுவதற்கு முன், துறையில் பாதைப் படகுக்குக் காத்து நின்று எமது கடைக்கு வந்தவர்கள் இன்றும் பிள்ளைகளோடு வருகிறார்கள். படத்தைப் பார்த்தவுடன் என்னை அழைத்து, என்ன நடந்தது என்று முதலில் கேட்டவர்களும் அவர்களே. அவர்களுக்கும், நிலாவெளி, சாம்பல்தீவு, தம்பலகாமம் பக்கத்திலிருந்து வரும் உங்கள் எல்லோருக்கும் மனம் நிறைந்த நன்றி.

எம்மிடம் வாங்கிய கத்தி எதிலாவது கறள் கண்டால் பற்றுச்சீட்டு இல்லாவிட்டாலும் கொண்டுவாருங்கள். அது எந்த உருக்கென்று காட்டி, கறளை எடுத்து, எண்ணெய் விட்டுத் தருகிறேன். அதற்குக் கட்டணம் இல்லை.

இவ்வண்ணம்,
கடை உரிமையாளர்,
மத்திய வீதி, திருகோணமலை.