சிவப்பு ஐசி வந்தது, கமலா

ஆயர் ஈத்தாம், பினாங்கு

அன்புள்ள கமலா,

நலம்தானே? உன் முட்டிவலியைப் பற்றிக் கேட்டால் இரண்டு பக்கத்துக்குப் பதில் வரும், அதனால் அதை நேரில் வைத்துக்கொள்வோம். இங்கே எல்லாரும் சுகம். அம்மாதான் சர்க்கரை விஷயத்தில் டாக்டரிடம் இன்னும் பொய் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

இவருக்கு மலேசியாவின் பிஆர், அதுதான் நிரந்தரவாசத் தகுதி, கிடைத்துவிட்டது. சிவப்பு ஐசி, அந்த அடையாள அட்டை, கைக்கே வந்துவிட்டது. இதைச் சொல்லத்தான் அன்றைக்கு உன்னைக் கூப்பிட்டேன். நீ எங்கே என்னைப் பேசவிட்டாய்? ஷாமினிக்கு வரன் முடிவான கதை, மதுரை மாப்பிள்ளை, கோலாலம்பூரில் கம்ப்யூட்டர் வேலை, பையன் அசப்பில் நம் ராஜா சார் மாதிரி இருக்கிறான் என்று ஒரே மூச்சில் கொட்டினாய். சந்தோஷம்டி, மனசார. ராஜா சார் மாதிரி என்றதுதான் கொஞ்சம் பயமாக இருக்கிறது, கணக்கில் எவ்வளவு அடி வாங்கியிருக்கிறோம்! ஆனால் பேச்சோடு பேச்சாக ஒன்று கேட்டாயே, "கல்யாணம் ஆயிட்டா மாப்பிள்ளைக்கும் ஐசி குடுத்துருவாங்கதானே?" என்று, அது போனில் சொல்லி முடிகிற விஷயமில்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். பொறுமையாகப் படி. ஷாமினியையும் படிக்கச் சொல்.

கொடுக்க மாட்டார்கள், கமலா. கல்யாணம் முடிந்ததும் பையனுக்குக் கிடைப்பது ஒரு நீண்டகால வருகை பாஸ். நம் ஊரில் ஸ்பௌஸ் விசா என்று சொல்வார்களே, அது. பெயரிலேயே வருகைதான். மனைவி வீட்டில், பிள்ளைகளோடு வாழ்கிற மனிதன் சட்டத்தின் கண்ணில் வந்துபோகிற விருந்தாளி. அது முடிய முடியப் புதுப்பிக்க வேண்டும். மலேசியரான மனைவி ஸ்பான்சராகக் கையெழுத்துப் போட வேண்டும், கூடவே போகவும் வேண்டும். எங்கள் சமயத்தில், அந்தப் பாஸில் தொடர்ந்து ஐந்து வருடம் இங்கேயே இருந்த பிறகு நுழைவு அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம் என்றார்கள். நாங்கள் அப்படித்தான் போட்டோம். விண்ணப்பிக்கலாம், அவ்வளவுதான். எப்போது பதில் வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. அந்த அனுமதி வந்தால்தான் பிஆர். அதைக் கொண்டுபோய்ப் பதிவிலாகாவில் காட்டினால்தான் சிவப்பு ஐசி.

எனக்கு ஆறாத கோபம் ஒன்று உண்டு. இதே உன் மகன் முகிலன் மதுரைப் பெண்ணைக் கட்டியிருந்தால் கதை வேறு. அரசியலமைப்புச் சட்டம் 15-ஆவது பிரிவில், குடிமகனின் மனைவி இரண்டு வருடம் இங்கே வசித்திருந்தால் குடியுரிமைக்குப் பதிவு செய்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. அதுவும் சீக்கிரம் கிடைத்துவிடாது, அலைகிற பெண்களை நான் பார்த்திருக்கிறேன். ஆனாலும் கதவு என்று ஒன்று இருக்கிறது. குடிமகளின் கணவனுக்கு அந்தப் பிரிவில் இடமே இல்லை. அவன் எந்த வெளிநாட்டுக்காரனையும் போல 19-ஆவது பிரிவில் வரிசையில் நிற்க வேண்டும். பன்னிரண்டு வருடத்தில் பத்து வருடம் இங்கே வசித்திருக்க வேண்டும், மலாய் போதிய அளவு தெரிந்திருக்க வேண்டும். நானும் நீயும் இந்த மண்ணில் பிறந்து, இங்கே படித்து, வரி கட்டி, ஓட்டுப் போடுகிறோம். நம் தாலிக்கு மட்டும் நம் அண்ணன் தம்பி கட்டுகிற தாலியைவிட மதிப்புக் குறைவா? இதைக் கேட்டால், "அவ புருஷன் ஊருக்குப் போகட்டுமே" என்று நம் ஆட்களே சொல்கிறார்கள். அதுதான் இன்னும் எரிகிறது.

உனக்குத் தெரியும், இவர் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் ஒரு ஷிப்டு ஆட்களையே நடத்துகிறவர். பாஸ் புதுப்பிக்கப் போகும்போது அந்த நீல பிளாஸ்டிக் கோப்பைக் கையில் பிடித்துக்கொண்டு எனக்குப் பின்னால் நிற்பார். கல்யாணச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம், என் ஐசி நகல், அவர் பாஸ்போர்ட், எல்லாம் வரிசை மாறாமல் அடுக்கியிருப்பார். கேள்வி எல்லாம் என்னிடம்தான் வரும். கேட்பது தப்பில்லை, ஸ்பான்சர் நான்தானே. ஆனால் காரில் வரும்போது ரேடியோவை அணைத்துவிட்டு ஒன்றுமே பேசாமல் ஓட்டுவார். மற்ற நாளில் வாய் மூடாத மனுஷன்.

வேலைக்கும் இதே பாடு. இந்தப் பாஸில் வேலை செய்யலாம், ஆனால் அதற்குத் தனியாக அனுமதி வாங்க வேண்டும். ஸ்டிக்கரில் வேலை செய்யத் தடை என்று அச்சிட்டிருக்கும், அனுமதி இன்னொரு முத்திரையில் இருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற முதலாளி எதற்கு வம்பு என்று வேறு ஆளைத் தேடுவான். வீடு வாங்கும்போது ஒரு வங்கி, பாஸ் கொஞ்ச நாளைக்குத்தானே இருக்கிறது என்று கடனில் இவர் பெயரைச் சேர்க்கவே இல்லை. மாதாமாதம் கட்டுவது இவர் சம்பளம். பத்திரத்தில் என் பெயர்.

இதெல்லாம் பரவாயில்லை என்று விட்டுவிடலாம். 2020-இல் எல்லையை மூடினார்களே, அப்போது மாமா திருநெல்வேலியில் போய்விட்டார். இவர் மூத்த பிள்ளை. எப்படியாவது வழி பண்ணிப் போனாலும், திரும்ப உள்ளே விடுவார்களா என்று கேட்டால் யாரிடமும் பதில் இல்லை. சின்னவளுக்கு அப்போது கைக்குழந்தைப் பருவம். இவர் போகவில்லை. தம்பி கொள்ளி வைத்ததைக் கைப்பேசியில் பார்த்துக்கொண்டு இந்தக் கூடத்தில்தான் உட்கார்ந்திருந்தார். அதற்கப்புறம் எத்தனையோ பேசியிருக்கிறோம், அந்த நாளைப் பற்றி மட்டும் பேசுவதில்லை. நானும் கேட்டதில்லை.

சரி, ஐசிக்கு வருகிறேன். நம் எண்ணின் நடுவில் 07 இருக்கிறதல்லவா, பினாங்கில் பிறந்ததற்கு? இவருக்கு 75. இந்தியாவில் பிறந்தவர்களுக்கு அதுதானாம். பெரியவன் அதைப் பார்த்துவிட்டு, "அப்பா நம்பர்தான் பெருசு" என்று தங்கையிடம் சண்டை போடுகிறான். அம்மா அட்டையை வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இந்தச் சிவப்பைக் காட்டித்தானே எங்க சித்தப்பாவைக் கப்பல் ஏத்துனாங்க" என்றார்கள். எனக்குச் சொரேர் என்றது. 1968-இல் வந்த வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் அது. மே 1969 கலவரத்துக்குப் பிறகு அதைக் கெடுபிடியாக்கினார்கள். குடியுரிமை இல்லாதவன் வேலை செய்ய பெர்மிட் வேண்டும் என்று வந்ததும் சின்னத் தாத்தா மாதிரித் தோட்டத்தில் ரப்பர் பால் மரம் வெட்டியவர்கள் ஏறக்குறைய 60,000 பேர் இந்தியாவுக்குத் திரும்பினார்கள். நம் துறைமுகத்திலிருந்து ரஜூலா கப்பலில் நாகப்பட்டினம். வாழ்நாளெல்லாம் இங்கே உழைத்தவர். குடியுரிமைக்கு எழுதிப்போட நாதியில்லாமலோ, எப்படியும் ஊருக்குத்தானே போகப் போகிறோம் என்ற நினைப்பிலோ சும்மா இருந்துவிட்டார். அதே சிவப்பு அட்டைக்காகத்தான் இவர் இத்தனை வருடம் காத்திருந்தார், வந்ததும் நான் சாமி படத்தடியில் வைத்துக் கும்பிட்டேன். அம்மா சொன்னதிலிருந்து எனக்குச் சந்தோஷமும் ஒரு நடுக்கமும் சேர்ந்தே இருக்கிறது.

பிஆர் பெரிய விஷயம்தான், மறுக்கவில்லை. இனி தனி அனுமதி இல்லாமலேயே வேலைக்குப் போகலாம். ஈபிஎஃப், அந்தச் சேமநிதி, நம்மைப் போலவே பிடிப்பார்கள். எல்லாவற்றுக்கும் மேலே, எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் இவர் பாஸ் என்னாகும் என்கிற பயம் போய்விட்டது. போன வருடம் எனக்கு மார்பில் கட்டி என்று ஸ்கேன் எடுத்தபோது, ரிசல்ட் வருவதற்குள் என் மனதில் ஓடியது முழுக்க இதுதான், கமலா. நான் இல்லாவிட்டால் ஸ்பான்சர் யார்? பிள்ளைகள் மலேசியர்கள், அப்பா மட்டும் மூட்டை கட்ட வேண்டுமா? கட்டி ஒன்றுமில்லை என்று ஆகிவிட்டது, நீ பதறாதே. பிஆர் வந்தும் இவருக்கு ஓட்டு மட்டும் கிடையாது. பாஸ்போர்ட் இந்தியாவுடையதுதான். வெளியே போய்த் திரும்ப மறுநுழைவு அனுமதி வேண்டும்.

இப்போது உன் வீட்டுக் கல்யாணம். கல்யாணத்தை நிறுத்து என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதே, உன் கற்பனை எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். நல்ல பையன் என்றால் கட்டி வை. ஆனால் நிச்சயத்துக்கு முன்பே இந்தக் கடிதத்தில் இருப்பதெல்லாம் அந்தப் பையனுக்கும் அவன் அப்பா அம்மாவுக்கும் தெரிந்திருக்க வேண்டும். மலேசியப் பெண்ணைக் கட்டினால் மலேசியன் ஆகிவிடலாம் என்று அங்கே யாராவது சொல்லி வைத்திருப்பார்கள். பிறகு அது நடக்கவில்லை என்றால் பேச்சு முழுக்க ஷாமினி தலையில் விழும்.

அப்புறம், தாலி கட்டினால் மட்டும் போதாது, பதிவுதான் கணக்கு. 1982-இலிருந்து நமக்கு அதுதான் சட்டம். கல்யாணத்தை மதுரையில் வைக்கிறார்கள் என்றால், ஆறு மாதத்துக்குள் மலேசியத் தூதரகத்தில் பதிய வேண்டும். சென்னையில் நம் துணைத் தூதரகம் இருக்கிறது. ரிசப்ஷன், ஹனிமூன் என்று இழுத்துக்கொண்டு இதைத் தள்ளிப்போடவிடாதே. பிள்ளைப்பேறு கண்டிப்பாக இங்கேதான், உன் வீட்டில். தலைப்பிரசவம் அம்மா வீட்டில்தானே, யாரும் ஒன்றும் சொல்ல முடியாது. வெளிநாட்டில் பிறந்தால், அப்பா மலேசியராக இருந்தால் ஒரு நியாயம், அம்மா மலேசியர் என்றால் வேறு நியாயம் என்றுதான் இத்தனை காலம் வைத்திருந்தார்கள். தாய்மார்கள் கோர்ட்டு வரைக்கும் போய்ப் போராடினார்கள். 2024 அக்டோபரில்தான் மக்களவையில் அதைத் திருத்தும் மசோதாவை நிறைவேற்றினார்கள். இருந்தாலும் இங்கே பிறந்தால் வம்பே இல்லை.

ஷாமினி வேலையை விட்டுவிடப் போகிறேன் என்று சொன்னதாகச் சொன்னாயே, அது வேண்டாம். ஸ்பான்சர் அவள்தான், அவள் கையில் வருமானம் இருப்பது நல்லது.

சனிக்கிழமை இரவு கூப்பிடு, இவரும் வீட்டில் இருப்பார். மாப்பிள்ளையோடு தானே பேசுகிறேன் என்கிறார், அந்த நீலக் கோப்பைப் பிரித்து ஒவ்வொன்றாகக் காட்டவும் தயார். பையனின் இப்போதைய வேலை பெர்மிட் எப்போது முடிகிறது என்று மட்டும் முன்கூட்டியே கேட்டு வை. மலாய் எவ்வளவு பேசுவான் என்றும் கேள்.

அன்புடன்,
சரோ

முறுக்கு அனுப்புவதாகச் சொல்லி மூன்று தீபாவளி போய்விட்டது. மறக்கவில்லை நான்.