ஃபோர்டிங்கால் கல்லறைத் தோட்டச் சுவரும் நடைபாதையும்: திருப்பணி நிறைவு அறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

ஸ்காட்லாந்தில் உள்ள நம் ஃபோர்டிங்கால் ஊர்த் தேவாலயக் கல்லறைத் தோட்டத்தின் சாலையோரச் சுவரும், பல நூற்றாண்டு கண்ட யூ என்னும் ஊசியிலை மரத்துக்குச் செல்லும் நடைபாதையும் முடிந்துவிட்டன. இரும்புக் கதவுக்கு வண்ணம் பூசியாயிற்று. வடிகால் தூர் வாரப்பட்டது. சாய்ந்து கிடந்த கல்லறைக் கற்கள் நிமிர்த்தப்பட்டன. இவற்றைப் பற்றி யாரும் குறை சொல்லவில்லை, நானும் நீட்டவில்லை.

ஒரு கோடையில் முடிய வேண்டிய வேலை மறு கோடை வரை ஏன் இழுத்தது, மதிப்பீட்டுக்கு மேல் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஏன் கூடியது என்பவைதான் கேள்விகள். குழு பணத்தைத் தண்ணீராய் இறைத்துவிட்டது என்று மால்டீனோ மண்டபக் கூட்டத்தில் ஓர் உறுப்பினர் சொன்னார். அதைக் கூட்டப் பதிவேட்டில் ஒரு சொல் மாற்றாமல் எழுதியிருக்கிறேன். இனி குழுவின் பதில்.

முதல் ஒப்பந்தக்காரருக்குக் கொடுத்த வேலை விவரத்தில் இரண்டு நிபந்தனைகள் தெளிவாக இருந்தன. சுவரின் இணைப்புகளுக்குச் சுண்ணாம்புக் காரை மட்டுமே பூச வேண்டும். மரத்தின் பக்கம் இயந்திரம் எதுவும் வரக்கூடாது. இரண்டையும் படித்துத்தான் அவர் கையெழுத்திட்டார். வேலை தொடங்கிய சில நாட்களிலேயே சுவரின் கிழக்கு முனையில் சாம்பல் நிறக் காரை தென்பட்டது. நம் பொருளாளர் ஆணியால் கீறிப் பார்த்தார். கீறல் விழவில்லை. அது சிமென்ட்.

"சிமென்ட் என்றால் இன்னும் உறுதிதானே, அதற்காக ஏன் சண்டை?" என்று பலர் கேட்டீர்கள். சிக்கலே அந்த உறுதியில்தான் இருக்கிறது. பழைய கற்சுவர் மழையில் நீரை உறிஞ்சும். சுண்ணாம்பு இணைப்பு வழியாக அந்த ஈரம் மெல்ல வெளியேறும். இணைப்பைச் சிமென்ட் அடைத்துவிட்டால் ஈரம் கல்லிலேயே தங்கிவிடுகிறது. நம் பெர்த்ஷயர் வட்டாரக் குளிரில் அது உறைந்து விரிந்து, கல்லின் முகத்தை ஏடு ஏடாக உரித்துவிடும். முன்னொரு காலத்தில் சிமென்டால் ஒட்டுப்போட்ட இடங்களில் கல் உதிர்ந்து குழி விழுந்திருப்பதை, மேற்கு மூலைக்குப் போனால் கைவிட்டே பார்க்கலாம். இணைப்பு அப்படியே நிற்கிறது, கல்தான் போய்விட்டது.

பூசிய சிமென்டை எடுக்கச் சொன்னோம். அதற்குத் தனிக்கூலி கேட்டார். மறுத்தோம். அந்தக் கடிதப் போக்குவரத்து நடந்துகொண்டிருக்கும்போதே, நடைபாதை தோண்டுவதற்கென்று ஒரு காலை சிறிய பொக்லைன் ஒன்று வந்து யூ மரத்தைச் சுற்றியுள்ள சுவருக்குப் பக்கத்தில் நின்றது. தலைவர் அதன் முன்னால் போய் நின்றுகொண்டார். பிற்பகலுக்குள் வேலையை நிறுத்தும் கடிதத்தை நான் எழுதிக் கொடுத்துவிட்டேன். அவசரப்பட்டுவிட்டோம் என்று சொல்பவர்கள் அந்த இயந்திரத்தின் வாளி எங்கே இருந்தது என்பதைப் பார்க்கவில்லை.

மரத்துக்கு உணவும் நீரும் கொண்டுவரும் நுண்வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணில்தான் பரவியிருக்கிறது. வாளி ஒருமுறை இறங்கினால் வேர் அறுந்துவிடும். சக்கரம் ஏறினால் மண் இறுகி, வேருக்குக் காற்றுப் போகாது. இது எந்த மரம் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பயண நூலாசிரியர் தாமஸ் பென்னன்ட் 1769-இல் இங்கு வந்தபோது இதன் சுற்றளவை ஐம்பத்தாறரை அடி என்று எழுதிவைத்தார். அப்போதே நடு உளுத்துப் பிளந்திருந்தது; சவ ஊர்வலங்கள் அந்தப் பிளவின் வழியே போனதாகச் சொல்வார்கள். அடியில், மே மாதத் தொடக்கத்தில் வரும் பெல்டேன் என்ற பழைய விழாவுக்குத் தீ மூட்டினார்கள். வந்தவர்கள் கட்டையை வெட்டிக் கிண்ணம் செய்துகொண்டு போனார்கள். அதற்குப் பிறகுதான், 1785-இல், மரத்தைச் சுற்றிச் சுவர் எழுப்பினார்கள். இவ்வளவையும் தாங்கி நிற்கும் மரத்தை நம் குழுவின் காலத்தில் ஒரு பொக்லைனுக்குக் காவு கொடுக்க நாங்கள் தயாராக இல்லை.

இரண்டாவது ஒப்பந்தக்காரர் சுண்ணாம்பு வேலை தெரிந்தவர். அவர் கூலி கூடுதல்தான். சிமென்டை உளியால் கொத்தி எடுத்தது தனிச் செலவு. அதற்குள் அக்டோபர் வந்துவிட்டது. ஐந்து டிகிரிக்குக் கீழே சுண்ணாம்புக் காரை பூசக்கூடாது. இன்னும் இறுகாத காரையில் உறைபனி விழுந்தால் பொடிந்து கொட்டிவிடும். வசந்தம் வரை காத்திருந்தோம். அந்தக் குளிர்காலம் முழுவதும் பாதிச் சுவர் தார்ப்பாய்க்குள் கிடந்ததைப் பார்த்துத் தெருவில் என்னிடம் கோபப்பட்டவர்களின் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் வேறு வழி இல்லை. ஏப்ரலுக்குப் பிறகு கொத்தனார்கள் கல்லை நனைத்து, காரையை ஆழமாக அழுத்தி, அது சற்று இறுகியதும் முரட்டுத் தூரிகையால் தட்டி, ஈரச் சாக்கு போட்டு மூடினார்கள். பல நாட்கள் அந்தச் சாக்குக்குத் தண்ணீர் தெளித்தவர்கள் நம் உறுப்பினர்கள்தான். பாதையைத் தோண்டவே இல்லை. வலைச்சட்டம் விரித்து அதில் சரளை நிரப்பினோம். தூண் குழிகள் வெட்ட வேண்டிய இரண்டு இடங்களில் மட்டும், காற்றழுத்தக் கருவியால் மண்ணை ஊதி வேரை ஒதுக்கினோம்.

பாதை சுற்றுலாப் பயணிகளுக்குத்தானே, ஊர்ப்பணம் ஏன் என்ற கேள்வியும் வந்தது. அபர்ஃபெல்டியிலிருந்து கிளென் லயனுக்குப் போகிற கார்கள் இங்கே நிற்கத்தான் செய்யும். இறங்குபவர்கள் புல்லை மிதித்து மரத்தை நெருங்குகிறார்கள். சிலர் கிளையை ஒடிக்கிறார்கள், துணி கட்டுகிறார்கள். பாதை அவர்கள் கால்களை வேருக்கு வெளியே நிறுத்துகிறது. நம் பெற்றோர் கல்லறைகளுக்குச் சக்கர நாற்காலியில் போகவும் இப்போது வழி இருக்கிறது.

தகவல் பலகையைப் பற்றி ஒரு வார்த்தை. இயேசுவைச் சிலுவையில் அறைய ஆணையிட்ட ரோமானிய ஆளுநர் பொந்தியு பிலாத்து இந்த ஊரில் பிறந்தான் என்ற கதையைப் பெரிய எழுத்தில் போட வேண்டும் என்று சிலர் விரும்பினர். அதற்கு ஆதாரம் எதுவும் இல்லாததால், கதை என்றே சொல்லி ஒரே வரியில் முடித்தோம். மரத்தின் வயதையும் ஒரே எண்ணாகச் சொல்லவில்லை. உள்மரம் அழிந்துவிட்டதால் வளையம் எண்ண முடியாது. யூவில் பெண் மரம்தான் பழம் தரும்; ஆண் மரமான இதன் கிளை ஒன்று 2015-இல் சிவப்புப் பழம் காய்த்த செய்திக்குப் பலகையில் நல்ல இடம் கொடுத்திருக்கிறோம்.

நன்கொடையாளர்களை மறக்க முடியாது. பெரும்பாலானோர் பெயர் வேண்டாம் என்றதால் இப்படிக் குறிப்பிடுகிறேன்: கூரை வேய்ந்த குடிலில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை, ஆற்றோரப் பண்ணைக் குடும்பத்தின் மூன்று தலைமுறையினர், சரளையை வாடகையின்றி ஏற்றிவந்த டிராக்டர்காரர், முன்னோர் இங்கே துயில்வதால் பணம் அனுப்பிய கனடா, நியூசிலாந்து உறவினர்கள், ஞாயிறுதோறும் கேக் விற்றுப் பணம் சேர்த்த பெண்கள், உண்டியல் காசைக் கொண்டுவந்த பள்ளிப் பிள்ளைகள், கணவர் நினைவாகக் கதவுக்கான முழுச் செலவையும் ஏற்ற அம்மையார். பெயர் போடச் சம்மதித்தவர்களின் பட்டியலும், ரசீதுகளோடு கூடிய முழுக்கணக்கும் மண்டபத்தில் இருக்கின்றன. யார் வேண்டுமானாலும் புரட்டிப் பார்க்கலாம்.

முதல் ஒப்பந்தக்காரருக்குச் சேர வேண்டியதில், சிமென்டை அகற்றிய செலவைக் கழித்து மீதியைக் கொடுத்துவிட்டோம்; அவர் எழுத்தில் ஏற்றுக்கொண்டார். இரண்டாமவரின் தொகையில் ஒரு பகுதியை நிறுத்தி வைத்திருக்கிறோம். இந்தக் குளிர்காலம் கழிந்ததும் இணைப்புகளை அவரோடு சேர்ந்து சோதித்த பிறகே அது வழங்கப்படும்.

செயலாளர்,
கல்லறைத் தோட்டப் பராமரிப்புக் குழு