மைனரின் உள்வேலைக்குக் கைகொடுத்தவர்களுக்கு

யாழ்ப்பாணம்

அன்புக்குரியவர்களுக்கு வணக்கம்.

எங்கள் 1959 மொரிஸ் மைனர் 1000 காரின் உள்வேலை ஒருவழியாக முடிந்துவிட்டது. மைனருக்குத் தகட்டுச் சாமான் செய்து இங்கிலாந்துக்கே அனுப்பின நாடு இது. அதனால் மட்கார்ட், கதவுத் தகடு எல்லாம் பெரிய தலையிடி இல்லை. கார் கதவைத் திறந்து உள்ளே பார்த்தால்தான் கஷ்டம் தொடங்கும்.

கொழும்புப் பஞ்சிகாவத்தைப் பழைய சாமான் கடைக்கார அண்ணைக்கு முதல் நன்றி. பளிச்சென்று ஒரு ஸ்மித்ஸ் ஸ்பீடோமீற்றர் கடையில் இருந்தும், "டிஃபரன்ஷல் எது?" என்று கேட்டுவிட்டு அதை விற்க மறுத்துவிட்டார். டிஃபரன்ஷல் என்பது பின் அச்சில் உள்ள பல்சக்கரத் தொகுதி; சில்லு ஒருதரம் சுற்ற எஞ்சினில் இருந்து வரும் தண்டு எத்தனை தரம் சுற்றும் என்பதுதான் அதன் விகிதம். எங்களுடையதைப் போன்ற 948 சிசி மைனருக்கு அது 4.55. 1962 இல் 1098 சிசி வந்தபோது அது 4.22 ஆனது. பிந்தின காரின் மீற்றரை முந்தின காரில் பூட்டினால், 40 மைலில் ஓடும்போது முள் 43 இல் நிற்கும். மீற்றர் முகத்தில் பொடி எழுத்தில் உள்ள இலக்கம், ஒரு மைலுக்கு மீற்றரை ஓட்டும் கேபிள் எத்தனை சுற்று என்பது. பழையதில் இருந்த அதே இலக்கத்தோடு, மங்கின முகமுள்ள ஒன்றை அவர் தேடித் தந்தார். முகத்தைப் பெற்றோலாலோ தின்னராலோ துடைக்க வேண்டாம் என்றும் சொன்னார். எழுத்தே துணியோடு வந்துவிடுமாம். காய்ந்த மெல்லிய தூரிகை போதும். உள்ளே இருக்கும் சின்னத் திருகாணி பி.ஏ. எனும் பழைய பிரிட்டிஷ் அளவு இழை. மில்லிமீற்றர் திருகாணியை முறுக்கி ஏற்றினால் இழை அழிந்துவிடும்.

கண்டியில் இருந்து நல்ல கதவு அட்டை (கதவின் உள்பக்கத்தை மூடுகிற, ரெக்சின் ஒட்டின பலகை) ஒன்றை அளவெடுக்கத் தந்த ஐயாவுக்கும் நன்றி. எங்களுடையதன் கீழ் நாலு விரல் அகலம் பிஸ்கட் போல உதிர்ந்து போயிருந்தது. கண்ணாடி வழியே மழைத்தண்ணீர் கதவுக்குள் இறங்குவது வழமை; அடியில் உள்ள வடிகால் ஓட்டை அடைபட்டால்தான் அது அட்டையில் ஏறுகிறது.

அந்த ஓட்டைகளைச் சைக்கிள் கம்பியால் குத்தித் திறந்த பிறகுதான் மானிப்பாய்க் குஷன்காரத் தம்பி அட்டையில் கையே வைத்தார். 3 மி.மீ. ஹார்ட்போர்ட்; விளிம்புக்கும் ஒவ்வொரு கிளிப் ஓட்டைக்கும் இரண்டு தரம் வார்னிஷ். கதவுக்கும் அட்டைக்கும் நடுவே பொலித்தீன். அதன் கீழ்நுனியைக் கதவுக்குள் மடித்துவிட வேண்டும். வெளியே தொங்கவிட்டால் தண்ணீர் அட்டைக்கே திரும்பி வரும், செய்த வேலையும் வீண். பழைய ரெக்சின் உரித்தவுடன் நாலைந்து மில்லிமீற்றர் சுருங்கியது. முகம் மேலே இருக்க அரை மணி வெயிலில் போட்டு, இளகின பிறகு சப்பாத்துப் பசை பூசினார். பசை விரலில் ஒட்டாத பதத்துக்கு வந்தால்தான் அமத்தலாம்; ஈரத்தோடு அமத்தினால் பிறகு கொப்புளம் போடும். இந்த நிறமும் மேற்பரப்புச் சொரசொரப்பும் உள்ள ரெக்சின் இப்போது வாங்கக் கிடைக்காது, அதனால்தான் பழையதையே காப்பாற்றினோம். புது ரெக்சினில் அரை மணியில் முடிகிற வேலைக்கு இரண்டு நாள் மினக்கெட்டதை அவர் குறையாகவே சொல்லவில்லை.

சீட் உறை, பாய் பற்றி நீட்டத் தேவையில்லை. அளவு கொடுத்தால் தைத்து வாங்கலாம்.

டாஷ்போர்டின் இரு பக்கப் பெட்டிகளுக்கும் உள்ளே அழுத்தின அட்டைதான். இடப் பக்கத்தைக் கறையான் தின்று மூடி மட்டும் மிஞ்சியிருந்தது. கொப்பி கட்டுகிற 2 மி.மீ. சாம்பல் அட்டையில், மடிப்பை அரைவாசி ஆழத்துக்குக் கீறி, மூலைகளில் கம்பி அடித்து அச்சொட்டாகச் செய்து தந்தவர் புத்தகம் கட்டுகிற ஐயா. காசு வாங்கவில்லை. நாங்கள் பூசினது ஒரு கறுப்பு மை மட்டும்.

கதவு நாலுக்கும் பெட்டி இரண்டுக்கும் தாளில் வெட்டின அச்சு அவருடைய கடையிலேயே இருக்கிறது. தேவைப்படுகிறவர்கள் போய்ப் பிரதி எடுக்கலாம். இடக் கதவின் அச்சைக் கவிழ்த்து வலக் கதவுக்கு வெட்டிவிடாதீர்கள். கிளிப் ஓட்டை இரண்டு விலகும்.

நன்றியுடன்,
வண்டிக்காரர்கள்