குவீ ஐயாவுக்கு, அந்த 40 சதவீதம் பற்றி

அன்புள்ள ஆல் குவீ ஐயா,

நீங்கள் காலமானது 2023 ஆகஸ்ட் 18. இன்னும் ஒரு மாதம் இருந்திருந்தால் நூறு வயது முடிந்திருக்கும். நாம் சந்தித்ததில்லை. அமெரிக்காவின் மினசோட்டாவில் குடியிருக்கும் மயிலாடுதுறைப் பக்கத்துப் பெண் ஒருத்தி, இந்த மாநிலத்தின் நாடாளுமன்ற உறுப்பினராகவும் பிறகு ஆளுநராகவும் இருந்த உங்களுக்கு ஏன் எழுத வேண்டும் என்றால், காரணம் என் மகளுடைய பள்ளிக்கூடக் காகிதமும், அதற்குப் பின்னால் இருக்கும் சட்டம் சொன்ன 40 சதவீதப் பணமும்.

ஆண்டுக்கு ஒருமுறை ஐஇபி (சிறப்புக் கல்வி தேவைப்படும் பிள்ளைக்கான தனிக் கல்வித் திட்டம்) மீட்டிங் என்று பள்ளியில் கூப்பிடுவார்கள். குழந்தைகளுக்கான குட்டி நாற்காலியில் முட்டி மேலே இடிக்க உட்கார வேண்டும். வகுப்பு டீச்சர், ஸ்பீச் தெரபிஸ்ட், சிறப்புக் கல்வி டீச்சர், பள்ளி நிர்வாகத்திலிருந்து ஒருவர், அப்புறம் நான். எங்கள் நடுவில் ஒரு கத்தைக் காகிதம். போன தடவை அதில் ஓர் இலக்கு இப்படி இருந்தது: யாரும் எடுத்துக்கொடுக்காமல், ஐந்தில் நான்கு முறை, மூன்று சொல் வாக்கியத்தில் தனக்கு வேண்டியதைக் கேட்பாள். வீட்டில் "அம்மா தண்ணி வேணும்" என்று தமிழில் கேட்கிறாளே, அது கணக்கில் வருமா என்று கேட்டேன். தெரபிஸ்ட் கொஞ்சம் யோசித்துவிட்டு, வரும் என்று எழுதிக்கொண்டார். முதல் தடவை நான் ஒப்புக்கொள்ளாமல் சிறப்புக் கல்வியைத் தொடங்கியிருக்க முடியாது, திட்டம் பிடிக்கவில்லை என்றால் மேலே முறையிடலாம். இதெல்லாம் பள்ளி காட்டும் கருணை இல்லை, என் மகளுக்குச் சட்டம் தந்த உரிமை. ஊனமுற்ற குழந்தைகளுக்குப் பள்ளிப்படிப்பை உரிமையாக்கிய அந்த 1975 சட்டத்தை யார் கொண்டுவந்தார்கள் என்று ஒரு ராத்திரி தேடிப் படித்தபோதுதான் உங்கள் பெயர் கண்ணில் பட்டது.

1975-க்கு முன்னால் அமெரிக்காவில் பத்து லட்சம் ஊனமுற்ற குழந்தைகளுக்குப் பள்ளிக் கதவே திறக்கவில்லை என்று அந்தச் சட்டத்தின் முகப்பிலேயே எழுதியிருக்கிறது. "இந்தப் பிள்ளையை எங்களால் பார்த்துக்கொள்ள முடியாது" என்று தலைமை ஆசிரியர் சொன்னால் விஷயம் முடிந்தது. அப்போது நீங்கள் நாடாளுமன்றக் கீழவையின் கல்வி, தொழிலாளர் குழுவில் குடியரசுக் கட்சியின் மூத்த உறுப்பினர். ஜனநாயகக் கட்சியின் ஜான் பிராடமஸ் துணைக்குழுத் தலைவர். கட்சி வேறாக இருந்தும் இரண்டு பேரும் சேர்ந்து இழுத்த தேர் அது. இறுதி மசோதா கீழவையில் 404-க்கு 7 என்றும், மேலவையான செனட்டில் 87-க்கு 7 என்றும் நிறைவேறியது. இன்றைக்கு அங்கே நடக்கும் கூத்தைப் பார்த்தால் இந்த எண்கள் ஏதோ வேற்று நாட்டு எண்கள் மாதிரி தெரிகின்றன. நவம்பர் 29-ஆம் தேதி ஜனாதிபதி ஃபோர்டு கையெழுத்துப் போட்டார், ஆனால் முணுமுணுத்துக்கொண்டே. மத்திய அரசால் கொடுக்க முடியாத அளவுக்கு இந்தச் சட்டம் வாக்குக் கொடுக்கிறது என்று அறிக்கையிலேயே குறைப்பட்டுக்கொண்டார். அந்த ஃபோர்டு உங்கள் நண்பர். கீழவையில் இருந்த நாட்களில் நீங்கள், அவர், ஜான் ரோட்ஸ், மெல் லெயர்ட் நான்கு பேரும் சேர்ந்து ஜெபம் செய்தவர்கள். நண்பர் சொன்னது தப்பில்லை என்பதுதான் இப்போது எனக்கு வயிற்றெரிச்சல். அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் உங்கள் ஊரைப் பற்றி. ரைஸ் கவுன்டியில் டென்னிசன் பக்கத்துப் பண்ணையில் 1923-இல் பிறந்தீர்கள். தாத்தா நார்வேயிலிருந்து வந்தவர். நீங்கள் போர்க்காலத்தில் கடற்படை விமானி, பிறகு நார்த்ஃபீல்டில் செயின்ட் ஓலாஃப் கல்லூரி, அதுவும் நார்வேயிலிருந்து வந்த லூத்தரன் கிறிஸ்தவர்கள் கட்டியதுதான். அதோடு பால் பண்ணை. எங்கள் வீட்டிலும் மாடு உண்டு, அதனால் ஒன்று தெரியும்: மாடு வைத்திருப்பவனுக்கு ஞாயிறும் கிடையாது, தீபாவளியும் கிடையாது. நீங்கள் கறந்தது மைனஸ் இருபது குளிரில், நாங்கள் மார்கழிப் பனிக்கே முணுமுணுத்தோம்.

உங்கள் ஊருக்குக் கொஞ்சம் தள்ளி, நேர்ஸ்ட்ரன்ட் அருகே மேட்டின் மேல் வேலி குரோவ் தேவாலயங்கள் இருக்கின்றன. போன இலையுதிர் காலத்தில் போயிருந்தோம். 1862-இல் கட்டிய கல் கோயில் ஒன்று, 1894-இல் கட்டிய வெள்ளை மரக் கோயில் ஒன்று, இரண்டும் எதிரும் புதிருமாக. சுற்றிலும் கல்லறைகள், கல்லில் நார்வே பெயர்கள். எனக்கு லூத்தரன் என்றால் தரங்கம்பாடியும் 1706-இல் அங்கே கப்பலில் வந்து இறங்கிய சீகன்பால்குவும்தான், அதாவது பாதிரியார், அச்சகம், பள்ளிக்கூடம். இங்கே வந்த பிறகுதான் லூத்தரன்களில் உழவர் பரம்பரை ஒன்றும் உண்டு என்று புரிந்தது. ஹான்ஸ் நீல்சன் ஹாகே என்ற நார்வே விவசாயி மகன், 1796-இல் ஏர் ஓட்டிக்கொண்டு கீர்த்தனை பாடியபோது தனக்கு அழைப்பு வந்தது என்று கிளம்பினார். குருப்பட்டம் இல்லாதவன் ஊர் ஊராகப் பிரசங்கம் செய்யக்கூடாது என்று அங்கே சட்டம் இருந்தது. 1804-இல் பிடித்து உள்ளே போட்டார்கள். நடுவில் போர் வந்து நாட்டில் உப்புக்குத் தட்டுப்பாடு, உப்பு காய்ச்ச ஆள் வேண்டும் என்று 1809-இல் அதே கைதியை வெளியே விட்டார்கள், வேலை முடிந்ததும் திரும்ப உள்ளே. (அரசாங்கம் என்றால் எந்த ஊரிலும் அரசாங்கம்தான்.) அவர் வழி வந்த சபையார் மினசோட்டாவின் ரெட் விங்கில் செமினரியே, அதாவது போதகர் பயிற்சிக் கல்லூரியே, நடத்தினார்கள். நீங்கள் நேரடியாக அந்தக் கிளையா என்பது எனக்கு முக்கியமில்லை. மாடு கறப்பதும் சட்டம் எழுதுவதும் வேதம் படித்துக் காட்டுவதும் ஒரே அழைப்பின் வேறு வேறு வேலைகள், அங்கி போட்டவர்தான் முன்னால் நிற்க வேண்டும் என்றில்லை என்ற எண்ணம் அந்த மண்ணில் ஊறியது. உங்களிடமும் அது இருந்தது என்பதற்கு ஒரு சம்பவம் போதும்.

சார்லஸ் கோல்சன். ஜனாதிபதி நிக்சனின் அடியாள் என்று பெயர் எடுத்தவர். 1974-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறைக்குப் போனார். அவர் கிறிஸ்தவ விசுவாசத்துக்கு வந்த பிறகு அவரோடு ஜெபத்துக்கு உட்கார்ந்தவர்களில் நீங்கள் ஒருவர், நிக்சன் கூட்டத்தை அடியோடு வெறுத்த ஜனநாயகக் கட்சி செனட்டர் ஹெரால்டு ஹியூஸ் இன்னொருவர். கோல்சன் உள்ளே இருக்கும்போதே அவருடைய அப்பா இறந்துவிட்டார், மகன் போதைப்பொருள் வழக்கில் மாட்டிக்கொண்டான். அப்போது நீங்கள் போன் செய்து, பழைய சட்டம் ஒன்று இருக்கிறதாம், மிச்சத் தண்டனையை உங்களுக்குப் பதில் நான் அனுபவிக்கிறேன், ஃபோர்டிடம் கேட்கப் போகிறேன் என்றீர்கள். பதவியில் இருக்கும் நாடாளுமன்ற உறுப்பினர்! ஐந்து பிள்ளைகளின் அப்பா! உங்கள் மனைவி கிரெட்சன் அம்மா இதைக் கேட்டு என்ன சொல்லியிருப்பார் என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. 1975 ஜனவரி கடைசியில் நீதிபதியே கோல்சனை விடுவித்துவிட்டதால் அந்தப் பேச்சுக்கு வேலை இல்லாமல் போனது. சட்டப்படி நடக்கக்கூடிய காரியமா என்று வக்கீல்கள் சிரிக்கலாம், சிரிக்கட்டும்.

அப்புறம் 1978-இல் பதவியில் இருந்த ரூடி பெர்பிச்சைத் தோற்கடித்து ஆளுநரானீர்கள். (எங்கள் ஊர்க்காரர்களும் இதைப் படிப்பார்கள், அவர்களுக்காக: இங்கே ஆளுநர் என்றால் ராஜ்பவனில் இருப்பவர் இல்லை, ஓட்டு வாங்கி ஆட்சி நடத்துபவர், நம் முதல்வர் மாதிரி.) வரியைக் குறைப்பேன் என்று சொல்லித்தான் வந்தீர்கள், குறைத்தீர்கள். விலைவாசி ஏறச் சம்பளமும் ஏறும், ஆனால் வரி அடுக்கு அப்படியே இருந்தால் வாங்கும் சக்தி கூடாமலே மேல் அடுக்கு வரியைக் கட்ட வேண்டி வரும். 1979-இல் அந்த அடுக்குகளை விலைவாசியோடு சேர்த்துக் கட்டினீர்கள். நியாயமான யோசனைதான், என்னைக் கேட்டால் நேரம்தான் கெட்ட நேரம். பின்னாலேயே மந்தநிலை வந்து கஜானா காலியானது. சிறப்புக் கூட்டத்தொடர் மேல் சிறப்புக் கூட்டத்தொடர். 1981-இல் விற்பனை வரி 4-லிருந்து 5 சதவீதம் ஆனது, வருமான வரி மேல் கூடுதல் வரி, பள்ளிகளுக்குத் தர வேண்டிய பணம் தள்ளிப்போனது. குறைக்க வந்தவரே ஏற்ற வேண்டியதாயிற்று. 1982 தொடக்கத்தில், இனி நிற்கப் போவதில்லை என்று அறிவித்துவிட்டு, தேர்தலைப் பற்றி நினைக்காமல் ஓட்டையை அடைக்க உட்கார்ந்தீர்கள். தோற்றுவிடுவோம் என்று தெரிந்து விலகினார் என்பார்கள், அதுவும் பாதி உண்மையாக இருக்கலாம். ஆனால் முந்தைய ஆட்சியைத் திட்டிக்கொண்டே இன்னொரு முறை நின்று பார்க்கும் வழி உங்களுக்கும் திறந்துதான் இருந்தது.

பதவி முடிந்த பிறகு கோல்சன் தொடங்கிய சிறை ஊழியத்திலேயே போய் வேலை பார்த்தீர்கள், கொஞ்ச காலம் தலைமையும் ஏற்றீர்கள். கோடைதோறும் குதிரையில் ஏறி, மெக்சிகோ எல்லையிலிருந்து கனடா எல்லை வரை ராக்கி மலை முதுகைத் துண்டு துண்டாகக் கடந்தீர்கள். 2010-இல் சுயேச்சைக் கட்சி வேட்பாளரை ஆதரித்ததற்காக, எண்பத்தேழு வயதில், உங்கள் சொந்தக் கட்சியே உங்களைக் கட்சிக் காரியங்களிலிருந்து இரண்டு வருடம் ஒதுக்கிவைத்தது. இதைப் படித்தபோது சிரிப்புத்தான் வந்தது.

சரி, நான் சொல்ல வந்த 40 சதவீதம். நாட்டில் ஒரு மாணவனுக்கு ஆகும் சராசரிச் செலவில், சிறப்புக் கல்வி பெறும் ஒவ்வொரு குழந்தைக்கும் 40 சதவீதம் வரை மத்திய அரசு தரலாம் என்று 1975 சட்டம் வைத்தது. கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, 1982-இல் முழு 40 என்று அட்டவணை. காலியான மாநிலக் கஜானாவின் அடியை நீங்கள் துழாவிக்கொண்டிருந்த அதே 1982! ஒரு வருடம்கூட அந்த 40 வந்ததில்லை. இந்தச் சில வருடங்களாக 15-ஐக்கூடத் தொடுவதில்லை. உரிமை மட்டும் முழுசாக இருக்கிறது, பணம் அரைகுறை. மிச்சத்தை மாநிலமும் பள்ளி மாவட்டமும் வேறு எங்கிருந்தாவது பிய்த்துப் போடுகின்றன. ஒரு தெரபிஸ்ட் மூன்று பள்ளிகளுக்கு ஓடுவதும், என் மகளுக்கு வாரத்தில் அரை மணி நேரத்துக்கு மேல் ஒதுக்க முடியாது என்று கண்ணைப் பார்க்காமல் சொல்வதும் அதனால்தான். அவர் மேல் எனக்குக் கோபமில்லை.

உங்கள் மேல் கொஞ்சம் இருக்கிறது. தானே சிறைக்குப் போகிறேன் என்ற மனுஷர், தன் கணக்கு பிசகியதும் மறுபடி நிற்காமல் விலகியவர், இந்த ஒரு கணக்கில் மட்டும் "தர வேண்டும்" என்று கட்டாயமாக எழுதாமல் "தரலாம்" என்று எப்படி விட்டீர்கள்? கட்டாயம் என்று எழுதியிருந்தால் அந்த 404 கிடைத்திருக்காது என்பீர்கள். இருக்கலாம். சட்டமே வராமல் போவதைவிட இது மேல் என்று நீங்களும் பிராடமஸும் முடிவு செய்திருப்பீர்கள். நான் அந்த அறையில் இருந்திருந்தால் நானும் அதையேதான் செய்திருப்பேன், ஆனாலும் கேட்கத் தோன்றுகிறது.

எங்கள் தொகுதி உறுப்பினரின் அலுவலகத்துக்கு இதே கணக்கை ஆங்கிலத்தில் எழுதி அனுப்பப் போகிறேன், 404-க்கு 7 என்ற எண்ணையும் உங்கள் பெயரையும் முதல் வரியிலேயே போட்டு.

அன்புடன்,
மினியாபோலிஸ் பக்கத்திலிருந்து ஓர் ஐஇபி அம்மா